நூனுக்கு இரண்டு எண்கள்

'நூன்' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தந்நகரத்தில் தொடங்கி றன்னகரத்தில் முடிகிறது. இன்றைய பேச்சில் இந்த இரண்டையும் நம் காது பிரித்துக் கேட்பதில்லை. ஆனாலும் கை தடுமாறுவதில்லை: தொடக்கத்துக்கு ந, முடிவுக்கு ன். பொருந், வெரிந் என்று இலக்கண உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் பழஞ்சொற்களை விட்டுவிட்டால், ந் என்ற ஒற்றில் முடியும் சொல் தமிழில் இல்லை. கணினியும் இவற்றைத் தனித்தனி எழுத்துகளாகவே வைத்திருக்கிறது. யூனிகோட் பட்டியலில் ந-வின் எண் 2984, ன-வின் எண் 2985. அடுத்தடுத்த வீடு.

இந்த அத்தியாயம் நூன் என்ற பெயரையே கொண்ட வேறோர் எழுத்தைப் பற்றியது. நபத்தேய எழுத்துவரிசையின் 22 எழுத்துகளில் அது 14ஆவது. அதற்கும் யூனிகோடில் இரண்டு எண்கள் உண்டு, அவையும் அடுத்தடுத்தே: 67732, 67733. முன்னதன் பெயர் 'இறுதி நூன்', பின்னதன் பெயர் வெறும் 'நூன்'. ஆனால் நம் ந, ன போல இவை இரண்டு எழுத்துகள் அல்ல. எழுத்து ஒன்று, ஒலியும் ஒன்று. உருவம் மட்டும் இரண்டு. அப்படியானால் ஒரே எழுத்துக்கு எதற்கு இரண்டு எண்? கேட்கச் சின்னக் கேள்வி. அரபு எழுத்து எப்படிப் பிறந்தது என்ற பெரிய கேள்வியின் ஒரு நுனி இதற்குள் இருக்கிறது.

முதலில் அந்த எழுத்தை நேரில் பார்ப்போம். சவுதி அரேபியாவின் வடமேற்கில் அல்-உலாவுக்கு வடக்கே ஹெக்ரா என்ற பழைய நகரம் இருக்கிறது. மதாயின் ஸாலிஹ் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பார்கள். மணற்கல் குன்றுகளைக் குடைந்து செதுக்கிய 111 பெரிய கல்லறைகள் அங்கே நிற்கின்றன. அவற்றில் 94 அலங்கார முகப்பு கொண்டவை. பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு, தூபப்பொருள் வணிகத்தில் செழித்த நபத்தேயர்களின் தெற்கு நகரம் இது. பைபிளில் பவுல் தமஸ்குவிலிருந்து கூடையில் இறங்கித் தப்பிய கதையில் வரும் அரேத்தா ராஜா, இவர்களின் நான்காம் ஹாரிதத் மன்னன்தான். கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்டவன். ஹெக்ராவின் கல்லறை எழுத்துகளில் பெரும்பங்கு அவன் காலத்தவை.

பல கல்லறைகளின் வாசலுக்கு மேலே ஒரு கற்பலகைபோலச் சமப்படுத்திய இடத்தில் சில வரிகள் இருக்கும். இவை புகழ்மாலைகள் அல்ல, சொத்துப் பத்திரங்கள். இது இன்னார் தனக்கும் தன் மக்களுக்கும் அமைத்த கல்லறை, இதில் இன்னின்னாருக்கு உரிமை உண்டு, இதை யாரும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, மீறினால் துஷரா தெய்வத்துக்கு இத்தனை சேலாக் காசு, அரசனுக்கு அதே அளவு. பிறகு அரசன் ஆண்ட ஆண்டு. பல இடங்களில் செதுக்கிய கல்தச்சனின் பெயரும் உண்டு.

இந்த வாசகங்களில் நூன் எங்கெல்லாம் வருகிறது என்று விரல் வைத்துத் தேடலாம். 'இது' என்று பொருள்படும் முதல் சொல்லே தாலேத், நூன், ஹே என்ற மூன்று எழுத்துகள். நடுவில் நிற்கும் நூன் குட்டையானது. மேலிருந்து இறங்கி, அடியில் இடப்பக்கம் வளைந்து அடுத்த எழுத்தை நோக்கிப் போகும் ஒரு கோடு, அவ்வளவுதான் (இந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடும்). 'நபத்தூ' என்ற இனப்பெயர் நூனில் தொடங்குகிறது. அங்கேயும் அதே குட்டை உருவம். அபராதத் தொகைக்கு வாருங்கள். 'சேலாக்கள்' என்ற பன்மைச் சொல் அரமேய மொழி வழக்கப்படி யோத், நூன் என்று முடிகிறது. இங்கே நூன் வளையவில்லை. இணைவதற்கு எதிரே எழுத்து ஏதும் இல்லாததால் நேரே கீழே இறங்கி, வரியின் அடிமட்டத்தையும் தாண்டி வால் நீட்டி நிற்கிறது. இதுதான் 'இறுதி நூன்'. ஒரே கல்லில், ஒரே உளியில், ஒரே எழுத்தின் இரண்டு முகம்.

இந்த வளைவு எங்கிருந்து வந்தது? கையிலிருந்து. மையைத் தொட்டு வேகமாக எழுதுகிறவன் ஒவ்வோர் எழுத்துக்கும் கோலைத் தூக்கி வைக்க மாட்டான். கீழே இறங்கிய கோட்டை அப்படியே இடப்பக்கம் இழுத்து அடுத்த எழுத்தைத் தொடங்குவான். சொல் முடிகிற இடத்தில் மட்டும் கோடு தன் போக்கில் நீளும். 1961இல் யிகாயேல் யாதின் சாக்கடலுக்கு அருகே நஹல் ஹெவர் குகையில் பபாதா என்ற யூதப் பெண்ணின் பத்திரக்கட்டைக் கண்டெடுத்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியிலும் இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுதப்பட்ட ஆவணங்கள். பெரும்பாலானவை கிரேக்கம், சில நபத்தேயம். அந்த நபத்தேயப் பாப்பிரஸ் தாள்களைப் பார்த்தால், கல்லில் நாம் கண்ட நிதானமான எழுத்தா இது என்று தோன்றும். கோடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. கல்வெட்டைவிட இந்த மைக்கையெழுத்திலிருந்தே அரபு எழுத்து வளர்ந்தது என்று மைக்கேல் மக்டொனால்ட் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது. கல்தச்சன் எழுத்தைக் காக்கிறான். அதை மாற்றுகிறவன் அன்றாடம் கணக்கு எழுதுகிறவன்.

இனி எண்ணுக்கு வருவோம். சொல்லின் கடைசியில் நீள உருவம், மற்ற இடங்களில் குட்டை உருவம் என்றால், அதைக் கணினியே பார்த்துக்கொள்ளலாமே? அரபு எழுத்துக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அரபு நூனுக்கு எண் ஒன்றுதான், 1606. அது சொல்லின் முதலில் ஓர் உருவம், நடுவில் ஓர் உருவம், கடைசியில் ஓர் உருவம், தனியே நின்றால் ஓர் உருவம் எடுக்கும். எங்கே எது என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. சேமிக்கப்படுவது எழுத்து, உருவம் திரையின் வேலை.

நமக்கும் இது புதிதல்ல. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் மேலே சுழிக்கும் கொம்பு இருந்தது. தாத்தா காலத்துப் புத்தகத்தைப் புரட்டினால் இன்றும் பார்க்கலாம். யூனிகோட் அந்தப் பழைய உருவங்களுக்கு வேறு எண் தரவில்லை. பழைய பாணி எழுத்துருவைப் போட்டால் பழைய கொம்பு வரும், புதியதைப் போட்டால் புதியது வரும், உள்ளே இருக்கும் எண் மாறாது. உருவம் மாறினாலும் எழுத்து அதுதான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாததால் அது சரியான முடிவு.

எபிரேயத்தில் வேறு முடிவு. அங்கே காப், மேம், நூன், பே, ஸாதே ஆகிய ஐந்துக்கு இறுதி உருவம் உண்டு. ஐந்துக்கும் தனி எண். எபிரேய இறுதி நூன் 1503, நூன் 1504. தட்டச்சுப் பொறியிலும் அவை தனித்தனி விசைகளாகவே இருந்தன. தவிரவும் விதிக்கு அடங்காத இடங்கள் உண்டு: 'ப்' ஒலியில் முடியும் சில அயற்சொற்களின் கடைசியில் இறுதி உருவத்தைப் போடாமல் சாதாரண பே-யையே எழுதுகிறார்கள். எங்கே எது என்று எழுதுகிறவரே சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதுகிறவரின் முடிவு என்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

நபத்தேயத்துக்கான முன்மொழிவை 2010இல் மைக்கேல் எவர்சன் எழுதினார். அழிந்த எழுத்துகள் பலவற்றைக் கணினிக்குள் கொண்டுவந்தவர். 2014 ஜூனில் வெளியான யூனிகோட் 7.0 அதை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 40 குறிகள். எண்ணைக் குறிப்பவை 9, எழுத்துகள் 31. 22 எழுத்துள்ள வரிசைக்கு 31 எப்படி? ஆலெப், பேத், ஹே, யோத், காப், லாமேத், மேம், நூன், ஷின் என்று ஒன்பதுக்கு இறுதி உருவம் தனியே சேர்க்கப்பட்டது.

காரணம், நபத்தேயத்தில் விதி உறுதியாக நிற்பதில்லை. பழைய கல்வெட்டுகளில் இந்த வேறுபாடே முழுதாக உருவாகியிருக்கவில்லை. பிற்காலத்தில் உருவான பிறகும் எல்லாக் கையும் ஒரே மாதிரி எழுதவில்லை. இறுதி உருவம் நடுவிலும், சாதாரண உருவம் கடைசியிலும் தலைகாட்டும். இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. இந்த எழுத்தர்கள் பெரும்பாலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தானே இறுதி உருவத்தை எந்திரம் தேர்ந்தெடுக்க முடியும்? பல இடங்களில் நிலைமை தலைகீழ். வால் நீண்ட நூனைக் கண்டுதான் 'இங்கே ஒரு சொல் முடிந்தது' என்று அறிஞர் அறிகிறார். சான்றாக இருப்பதையே எந்திரத்தின் ஊகத்துக்கு விட்டுவிட்டால், பிறகு அந்தச் சான்றை எங்கே போய்த் தேடுவது?

இது வெறும் பயம் இல்லை, ஒரு முறை நடந்ததுதான். சார்லஸ் டவ்டி 1876இல் ஹஜ் யாத்திரைக் கூட்டத்தோடு ஹெக்ராவுக்குப் போய், ஈரத் தாளைக் கல்லின்மீது அழுத்திக் காயவைத்து எழுத்தின் பதிவுகளை எடுத்தார். நம் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பதற்கு நெருங்கிய உறவு, மை மட்டும் கிடையாது. அவர் கொண்டுவந்தவற்றை 1884இல் எர்னெஸ்ட் ரெனான் பாரிஸில் வெளியிட்டார். அதன்பின் ஜோஸன், சவின்யாக் என்ற இரண்டு டொமினிக்கன் துறவிகள் 1907 முதல் முறையாகப் படியெடுத்தார்கள். படங்களில் கல்லின் உருவம் இருந்தது. ஆனால் வாசகத்தை அச்சுக்கோக்கும்போது நபத்தேய எழுத்து கைவசம் இல்லாததால் அறிஞர்கள் எபிரேய அச்செழுத்தைப் பயன்படுத்தினார்கள். எபிரேயத்தில் இறுதி உருவம் உள்ளவை ஐந்து, நபத்தேயத்தில் ஒன்பது. இரண்டுக்கும் பொது காப், மேம், நூன் மூன்றுதான். கல்லில் இருந்த இறுதி ஆலெப்பும் இறுதி ஹே-யும் இறுதி ஷின்னும் அச்சில் மறைந்தன. கல்லில் இல்லாத இறுதிப் பே அச்சில் முளைத்தது. வாசகத்தின் பொருள் ஒரு துளியும் கெடவில்லை. எழுத்தன் கை போன வழி மட்டும் அழிந்தது.

அந்த வழி ஏன் முக்கியம்? அரபு எழுத்தின் பிறப்பு அதில் இருக்கிறது. தியோடர் நோல்டெக்கே 19ஆம் நூற்றாண்டிலேயே அரபு எழுத்து நபத்தேயத்திலிருந்து வந்தது என்றார். 1960களில் ழான் ஸ்டார்க்கி, இல்லை, சிரியாக் எழுத்திலிருந்து வந்தது என்றார். இந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்தவை எழுத்துகளின் உருவங்கள்தான். எந்த எழுத்து எதனோடு எப்போது இணையத் தொடங்கியது, எந்த உருவம் சொல்லின் எந்த இடத்தில் நின்றது என்று ஆண்டு ஆண்டாகப் பார்க்க வேண்டியிருந்தது. லைலா நெஹ்மே போன்றவர்கள் வடமேற்கு அரேபியாவின் பாறைகளில் 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான எழுத்துகளைத் திரட்டிய பிறகு, நபத்தேயம் என்றும் சொல்ல முடியாத, அரபு என்றும் சொல்ல முடியாத ஒரு நடுக்காலமே கண்ணுக்குத் தெரிகிறது. இன்று நபத்தேய மூலத்தைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

அந்த நடுக்காலத்தின் மிக உருக்கமான கல் ஹெக்ராவிலேயே இருக்கிறது. ஹாரிதத் என்ற ஒருவரின் மகன் கஅப், தன் தாய் ரகோஷுக்காக எழுப்பிய கல்லறையின் எழுத்து. அவள் ஹிஜ்ரில், அதாவது ஹெக்ராவில், இறந்தாள், ஆண்டு 162, தம்மூஸ் மாதம் என்கிறது. கி.பி. 106இல் ரோமப் பேரரசன் டிராஜன் நபத்தேய நாட்டைச் சேர்த்துக்கொண்டதிலிருந்து எண்ணும் ஆண்டு அது. நம் கணக்கில் 267. இந்தக் கல்லறையைக் கெடுப்பவனை உலகத்தின் இறைவன் சபிக்கட்டும் என்று முடிகிறது. எழுத்து நபத்தேயம். மொழியோ அரமேயச் சொற்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் அரபு. சில எழுத்துகளின் மேல் புள்ளி வைத்திருக்கிறார்கள். ஒன்றையொன்று ஒத்துப்போய்விட்ட எழுத்துகளைப் பிரிக்க யாரோ ஒருவர் அப்போதே தவித்திருக்கிறார். 61 ஆண்டு கழித்து, 328இல், சிரியாவின் நமாராவில் இம்ருல் கைஸ் என்ற அரசனின் கல்லறைக் கல். 'அரபுகள் எல்லாருக்கும் அரசன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன். ஐந்து வரி, அரபு மொழி, நபத்தேய எழுத்து. இப்போது லூவ்ரில் இருக்கிறது.

இந்தப் பயணத்தில் நூனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நடுவில் நின்ற குட்டை நூன் தேய்ந்து தேய்ந்து ஒரு சின்னப் பல்லாகிவிட்டது. பேத், தா, யோத் ஆகியவையும் அதே வழியில் தேய்ந்து அதே பல்லாயின. புள்ளியில்லாப் பழைய அரபில் சொல்லின் நடுவே ஒரு பல்லைக் கண்டால் அது ப-வா, த-வா, ந-வா, ய-வா என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இன்று அரபு நூனுக்கு மேலே ஒரு புள்ளி, பா-வுக்குக் கீழே ஒன்று, தா-வுக்கு மேலே இரண்டு, யா-வுக்குக் கீழே இரண்டு. எல்லாம் அந்தத் தேய்மானத்துக்குக் கட்டிய ஈடு. சொல்லின் கடைசியில் மட்டும் நூன் தன் பழைய வாலை விடவில்லை. நேராக இறங்கிய கோடு கிண்ணம்போல் வளைந்தது. 67732 என்ற எண்ணின் பேரப்பிள்ளை அந்தக் கிண்ணம், 67733இன் பேரப்பிள்ளை அந்தப் பல்.

நூனின் முன்னோர் கதையும் சிறிது. சீனாய் தீபகற்பத்தின் செராபித் அல்-காதிம் சுரங்கப் பகுதியில் 1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த மிகப் பழைய செமித்திய எழுத்துகளில் நூனின் மூதாதை ஒரு பாம்புப் படம். நூன் என்றால் அரமேயத்தில் மீன். ஆனால் எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்தில் அதன் பெயர் இன்றும் பாம்பைத்தான் குறிக்கிறது. அதே சீனாயின் பள்ளத்தாக்குகளில் பல நூற்றாண்டுகள் கழித்து நபத்தேய எழுத்தில் ஆயிரக்கணக்கான கிறுக்கல்கள் விழுந்தன. பெரும்பாலும் 'அமைதி, இன்னார் மகன் இன்னார்' என்ற அளவுதான். நம் மிளகு நாட்டைப் பற்றியும் இலங்கையைப் பற்றியும் எழுதிவைத்த 6ஆம் நூற்றாண்டு வணிகத் துறவி காஸ்மாஸ் இண்டிகோப்ளுஸ்டஸ் இவற்றைப் பார்த்துவிட்டு, மோசேயோடு வந்த இஸ்ரவேலர் எழுதியவை என்று நம்பினார். அந்த நம்பிக்கை பல நூற்றாண்டு நீடித்தது. லைப்சிக் நகரில் இருந்த எட்வார்ட் பேயர், பயணிகள் எழுதிவந்த படிகளை வைத்துக்கொண்டே 1840இல் அதைப் படித்துக்காட்டினார். மறு ஆண்டே இறந்துபோனார். வயது 36கூட நிரம்பியிருக்காது.

எண் கொடுத்துவிட்டால் வேலை முடியவில்லை. 67733 என்ற எண்ணைக் கவனியுங்கள், அது 65,536-ஐத் தாண்டியது. 1991இல் யூனிகோட் தொடங்கியபோது உலக எழுத்துகள் எல்லாம் 65,536 இடங்களுக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். போதவில்லை. 1996இல் கதவைத் திறந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களாக விரித்தார்கள். தமிழ் பழைய சுவருக்குள் இருக்கிறது, நபத்தேயம் சுவருக்கு வெளியே. எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் ந மூன்று பைட்: 224, 174, 168. நபத்தேய நூனுக்கு நான்கு. சுவருக்கு வெளியே இருப்பதைப் படிக்கத் தெரியாத மென்பொருள்கள் நெடுங்காலம் இருந்தன. நான்காவது பைட்டைக் கண்டதும் வாக்கியத்தை அங்கேயே வெட்டிவிடும். அவற்றைத் திருத்தவைத்தது கல்வெட்டு ஆய்வாளர்களின் கோரிக்கை அல்ல. 2010இல் எமோஜிகள் அதே வெளிப்பகுதியில் குடியேறின. அழும் முகமும் சிரிக்கும் முகமும் உடைந்து தெரிந்தால் கோடிக்கணக்கானோர் முறையிடுவார்கள். அவற்றுக்காக அகலப்படுத்திய சாலையில்தான் நபத்தேயமும் வந்து சேர்ந்தது.

எபிரேய எண்களையே நபத்தேயத்துக்கும் பயன்படுத்தி, எழுத்துருவை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2004 வாக்கில் பினீசிய எழுத்தை முன்மொழிந்தபோது செமித்திய ஆய்வாளர்கள் சிலர் இதையே சொல்லிக் கடுமையாக எதிர்த்தார்கள். தேடுவது எளிது என்பது அவர்கள் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எண் இரண்டாகப் பிரிந்ததால் இன்று நபத்தேயத் தரவில் நூன் தேடுகிறவர் 67732, 67733 இரண்டையும் தேடும்படி தன் நிரலுக்குச் சொல்லித்தர வேண்டும். மறந்தால் பாதி கைநழுவும். ஆனால் இரண்டாக வைத்திருப்பதை ஒன்றாகப் பார்ப்பது ஒரு வரி நிரல். ஒன்றாகக் கலந்துவிட்டதைப் பிரிக்க வேண்டுமானால் மறுபடியும் ஹெக்ராவுக்குப் போய்க் கல்லைப் பார்க்க வேண்டும், அந்தக் கல்லோ மணற்கல். அதனால் நான் இரண்டு எண் தரப்பில்தான் நிற்கிறேன்.

ஒரு முறை கொடுத்த எண்ணையும் பெயரையும் யூனிகோட் திரும்பப் பெறுவதோ மாற்றுவதோ கிடையாது. அந்த எண்கள் இனி நூனுக்கே. உங்கள் கைபேசியில் நபத்தேய எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டம் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ எழுத்துருவை நிறுவினால் கட்டம் இருந்த இடத்தில் வளைந்த கோடு வரும். கட்டம் தெரிந்தபோதும் உள்ளே எண் அதுவேதான்.

இனத்தின் பெயரை எழுதிப் பார்க்கலாம். நான்கு எழுத்து, 16 பைட். நூன்: 240, 144, 162, 149. பேத்: 240, 144, 162, 131. தேத்: 240, 144, 162, 139. வாவ்: 240, 144, 162, 136. திரை அவற்றை வலமிருந்து இடமாக அடுக்குகிறது. நபத்தூ.